ரொட்டி வேனில் ஆறு பேர்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உங்கள் இருமல் நின்றதா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து ஆவிக்குள் போய் நிற்காதே, மேற்பார்வை பார்ப்பவள் வாசலில் நின்று பார்த்தால் போதும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

எழுத்து கோணலாக இருந்தால் பழி என்மேல் இல்லை. வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஒரு பல் டாக்டர். இடது பக்கம் திரும்பச் சொன்னால் வைப்பரைப் போடுகிறார். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஒரு பிரேக் போதாது அண்ணி, நான்கு வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சின்னவள், அதுதான் நம் வாத்து, எங்கிருந்தோ ஒரு விளம்பரப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறாள். நீர்வனப் பூங்காவாம். காட்டுக்கு நடுவே ஆறு, அந்த ஆறு பாறைக் குகைக்குள் போய் வெளியே வருகிறது, அதில் மிதவையில் உட்கார்ந்து போகலாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க ஒரு குட்டை. தலைக்கு மேலே கிளிகள் பறக்கும் வலைக்கூடாரம். வாத்து அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

போகலாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோர்ட்டில் நீங்களும் அண்ணனும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் எங்கேயும் போகவில்லை. போகக்கூடாது என்றில்லை, எப்படிப் போவது என்றே மறந்துவிட்டது. இத்தனை வருஷம் நீங்கள் கிளம்புங்கள் என்றால் கிளம்பினோம், இறங்குங்கள் என்றால் இறங்கினோம். எது எந்தப் பையில் இருக்கிறது என்றுகூடக் கேட்டதில்லை.

ஆறு பேருக்கு ஒரே குடும்பச் சீட்டு உண்டு. நமக்கென்றே அச்சடித்த மாதிரி இருக்கிறது. மற்றபடி என்ன எடுத்துப்போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, சாப்பாட்டுக்கு என்ன வழி, எல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உடனே எழுதுங்கள். பல் டாக்டர் நடைபாதையில் ஏறிவிட்டார்.

உங்கள்,
பாப்பா


ஜனவரி 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் போன இடம் தெரியவில்லை. அத்தையின் முழங்காலுக்குத் தைலம் மட்டும் போதாது, காலைத் தூக்கி ஒரு தலையணைமேல் வைத்துக்கொள்ளச் சொல்.

பூங்காவுக்குப் போய்வந்த நர்ஸ் ஒருத்தியிடம் விசாரித்தேன். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்களாம், நைலான்தான் வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள எந்தக் களிம்பையும் பூசக் கூடாது, மீன்களுக்கு ஆகாது. அதனால் பெரியவளுக்கு முழுக்கைச் சட்டை வாங்கு, அவளுக்குத்தான் வெயிலில் தோல் உரியும். வாத்துக்கு வேனில் முன்சீட்டு, பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள். உன் வீட்டுக்காரர் இரவெல்லாம் பேக்கரி அடுப்படியில் நிற்பவர், முதல் நாள் ராத்திரி அவரை வேலைக்கு அனுப்பாதே. தூக்கக் கலக்கத்தில் ஆற்றில் இறங்கினால் மிதவையிலேயே குறட்டை விடுவார்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஆறு பேர் என்று எழுதியிருக்கிறாய். அத்தை, நீ, உன் வீட்டுக்காரர், பெரியவள், வாத்து. எத்தனை முறை எண்ணினாலும் ஐந்துதான் வருகிறது. நமக்கு என்று யாரைச் சேர்த்து எழுதினாய்? ஆறாவது யாரென்று சொன்னால் அவர்களுக்குத் தகுந்த மாதிரி யோசிக்கலாம்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். அதற்குக் கீழே நின்று தினமும் சண்டை நடக்கிறது.

முதல் சண்டை நைலான். "முப்பது வருஷம் காக்கிச் சட்டை போட்டு பஸ்ல நின்னவ நான். இப்ப போய் மீன் செதில் மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்கிறாள் அம்மா. கரையில் உட்கார்ந்துகொள் என்றால் அதற்கும் கோபம். "எல்லாரும் குகைக்குள்ள போவீங்க, நான் மட்டும் செருப்புக்குக் காவலா?" இரண்டாவது சண்டை தேதி. பள்ளிக்கூடத்துக்கு லீவு என்றால் பேக்கரியில் ஆர்டர், பேக்கரி சும்மா இருந்தால் என்னிடம் லைசென்ஸ் பரீட்சைக்குப் போகிறவர்கள் க்யூ. மார்ச் என்றேன், ஏப்ரல் என்கிறார் இவர், பெரியவள் பரீட்சை என்கிறாள். என் தலை எனக்கே பாரமாகிவிட்டது.

ஆள் கணக்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அம்மா எண்ணிவிட்டாள். கண்டக்டர் எண்ணினால் தப்பாது. ஆறு என்றால் ஆறுதான்.

அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. சௌக்கியமாம். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

வேன் நம் ரொட்டி வேன்தான். பின்னால் தட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பெஞ்சு போட்டுவிடலாம் என்கிறார் இவர். வாசனைக்கே பசிக்கும்.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பாப்பா


மார்ச் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரியில் பெரிய சலவை இயந்திரம் பழுதாகி, இரண்டு வார்டு படுக்கை விரிப்புகளைக் கையால் அலச வேண்டியதாயிற்று. அதற்கு முன்னாலேயே எழுதியிருக்கலாம்தான். எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

அத்தைக்கு நைலானுக்கு மேலே ஒரு முழுநீளச் சட்டை தைத்துக் கொடுத்துவிடு. பாக்கெட் இரண்டு வை. பாக்கெட் இருந்தால் எதையும் போட்டுக்கொள்வார்.

ஆற்றில் மிதவைகள் இரட்டை இருக்கையாம். இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். பெரியவளோடு நீ உட்கார், அவள் பயந்தாலும் வெளியே காட்டமாட்டாள். வாத்து அவள் அப்பாவோடு. அத்தையோடு அந்த ஆறாவது ஆள். அது யாராக இருந்தாலும் அத்தையின் வலது முழங்காலில் இடிக்காமல் உட்காரத் தெரிய வேண்டும். குகைக்குள் இருட்டாக இருக்குமாம். அத்தைக்கு இருட்டில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். இதை அவர் சொல்லமாட்டார், நான் பார்த்திருக்கிறேன்.

உன் அண்ணன் ஊருக்கு வருகிறாரா? வந்தால் நல்லதுதான். அத்தைக்கு ஆறுதலாக இருக்கும். ஒரு வார்த்தை தெரிந்தால் எனக்கும் திட்டம் போட வசதி, அதற்காகக் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அவசரமாக நாலு வரி. எல்லாம் தலைகீழ். ஏப்ரல் பதினான்கு என்று முடிவு செய்து, பெஞ்சுகூடப் போட்டாயிற்று. பூங்காவிலிருந்து தகவல் வருகிறது, மேலே மழை பெய்து ஆறு கலங்கிவிட்டதாம், குகை மூடியிருக்கிறதாம். வாத்து ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மே மாதம் என்கிறார்கள். மே எந்த வாரம் என்று கேட்டால், "ஆறு தெளியணுமேம்மா" என்கிறான் ஃபோனை எடுத்தவன். ஆற்றுக்கு நானா படிகாரம் போட முடியும்?

பாக்கெட் சட்டை அமோகம். அம்மா வீட்டிலேயே போட்டுக்கொண்டு திரிகிறாள். ஒரு பாக்கெட்டில் விசில் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்க வேண்டிய விசில், கொடுக்கவில்லை போலிருக்கிறது.

வழி எப்படி? உங்கள் ஊர் வழியாகத்தானே போக வேண்டும்?

பாப்பா


ஏப்ரல் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆமாம், இந்த ஊர் வழியாகத்தான். ஊருக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரி மதில் வரும், அதை ஒட்டியே வந்தால் எங்கள் குடியிருப்பு. எதிரே பெட்ரோல் பங்க். பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், அங்கே நிறுத்தி எல்லோரையும் போகச் சொல். அதற்கப்புறம் பூங்கா வரை வழியில் ஒன்றும் கிடையாது. மாடிக்கு ஏறி வர வேண்டாம். லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி, அத்தையின் கால் தாங்காது. வாசல் காவலாளியும் ஆளுக்கொரு கேள்வி கேட்பான்.

வாத்து சாப்பிடவில்லை என்று படித்ததிலிருந்து எனக்கும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஆறு தெளியாமல் எங்கே போகும் என்று அவளிடம் சொல்.

மே மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறைதான். வேறு வேலையும் இல்லை. வீட்டில்தான் இருப்பேன்.

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

அப்பாடா! உங்கள் கடைசி வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "அதானே பார்த்தேன்" என்று எழுந்து போய் எல்லோருக்கும் காபி போட்டாள். முழங்கால் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ஆறு தெளிந்துவிட்டது. மே பதினெட்டு, ஞாயிறு. சீட்டு எடுத்தாயிற்று, ஆறு பேருக்கு. ஏழு மணிக்குப் பங்கில் வேன் நிற்கும்.

இனி எதையும் மாற்றமாட்டேன், உலகமே புரண்டாலும்!

பாப்பா


ஜூன் 20

அண்ணிக்கு,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். நீங்களாகவே எழுதுவீர்கள் என்று பார்த்தேன். எழுதவில்லை. சரி, நடந்ததை நானே சொல்கிறேன், ஒருவேளை உங்களுக்கு மறந்திருக்கலாம்.

ஏழு மணிக்கு முன்னாலேயே பங்குக்கு வந்துவிட்டோம். எல்லோரும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தோம். வேனில் ஒரு இடம் காலியாக இருந்தது. இவர் சாவியைத் திருப்பினார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "ஒரு ஆள் குறையுது. வண்டிய எடுக்காதே." சரி, வருவார்கள், தலைவாரிக்கொண்டிருப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. வாத்து இறங்கி நின்று உங்கள் கட்டிடத்தைப் பார்த்துக் குதித்தாள். "அத்தை எந்த ஜன்னலும்மா?" எனக்கு என்ன தெரியும்? நான் ஹாரன் அடித்தேன். பங்குக்காரன் வந்து திட்டினான். இன்னும் அடித்தேன்.

பெரியவள் மேலே போய்ப் பார்க்கிறேன் என்றாள். "வேண்டாம், ஏறி வரக் கூடாதுன்னு எழுதிட்டா. இறங்கி வர இஷ்டம் இல்லாதவள ஏன் போய் இழுக்கணும்?" என்றாள் அம்மா. அப்புறம் விசிலை எடுத்தாள். எடுத்தவள் ஊதவில்லை. "போகட்டும். எடு வண்டிய" என்று வாயால்தான் சொன்னாள்.

பூங்காவில் எல்லாம் நீங்கள் எழுதியபடியே செய்தோம். முழுக்கைச் சட்டை, முன்சீட்டு, எண்ணெயில்லாத முகம். கிளிகள் பறந்தன. மீன்கள் வந்தன. எனக்கு ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. ஆற்றங்கரையில் மிதவை கொடுப்பவன், "பாட்டிம்மா, பக்கத்துல ஒருத்தர உட்கார வைங்க, இல்லேன்னா ஒரு பக்கமா சாயும்" என்றான். "சாஞ்சா சாயட்டும்" என்று அம்மா தனியாக ஏறினாள். வாத்து போய் உட்காரப் போனாள், விடவில்லை. குகை வரைக்கும் மிதவை சுற்றிச் சுற்றித்தான் போனது. உள்ளே இருட்டு. நான் பின்னாலிருந்து "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே போனேன். வெளியே வந்தபோது முகமெல்லாம் தண்ணீர். கேட்டதற்கு, ஆற்றுத் தண்ணீர்டி என்றாள்.

வர இஷ்டமில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாமே அண்ணி? வீட்டில்தான் இருப்பேன் என்று ஏன் எழுதினீர்கள்? எதற்கு எங்களை நடுத்தெருவில் நிறுத்தினீர்கள்?

பாப்பா


ஜூலை 2

பாப்பா,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். நீ யாருக்கோ எழுதியதை எனக்கு அனுப்பிவிட்டாயோ என்றுகூட நினைத்தேன்.

வேன் வந்ததைப் பார்த்தேன். ஏழுக்கு முன்னாலிருந்தே ஜன்னல் திரைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். பக்கவாட்டில் ரொட்டிப் படம் போட்ட வேனை எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்கு ஜன்னல் இல்லையே, பின்கதவும் பங்குப் பக்கம் இருந்தது, வாத்து இறங்கிக் குதித்தது மட்டும்தான் தெரிந்தது. உள்ளே யார் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அண்ணன் வருகிறாரா என்று கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. பதில் இல்லையென்றால் ஆமாம் என்றுதானே அர்த்தம்? அவர் கடிதம் போட்டார் என்றாய், அத்தை எழுந்து காபி போட்டார் என்றாய். மகன் வருகிறான் என்று அத்தைக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவது ஆள் அவர்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

பங்கில் நிறுத்துங்கள் என்று எழுதியதும் நான்தான். கழிப்பறைக்காக நிறுத்தியிருக்கிறீர்கள், வாத்துக்கு வயிறு சரியில்லை போல, அதனால்தான் இவ்வளவு நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹாரன் கேட்டது. யாரையோ சீக்கிரம் வரச் சொல்கிறாய் என்று தெரிந்தது. அது என்னை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் குளித்து, தலைவாரி, நைலான் சட்டை ஒன்று வாங்கிப் பையில் வைத்து, பையைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதே. கூப்பிட்டால் உடனே இறங்க வேண்டும் என்றிருந்தது.

ஜனவரியிலிருந்து உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரி வரியாகத் தேடினேன். என்ன எடுத்துப்போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வழியாகப் போவது என்று எல்லாம் கேட்டிருக்கிறாய். நீங்களும் வாங்கள் அண்ணி என்று ஒரு இடத்தில்கூட இல்லையே பாப்பா. கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவள் நான். எந்த உரிமையில் மூன்று மாடி இறங்கி வந்து வேனில் ஏறுவேன்? உங்கள் வீட்டுக்கு வேலை சொல்லிக்கொடுக்க மட்டும் நான் வேண்டும், கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றுதான் ஐந்து மாதமும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே பதிலும் எழுதினேன். அந்தக் கடிதமாவது நின்றுவிடக் கூடாதே என்று.

அத்தை தனியாகப் போனார் என்று படித்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணி


ஜூலை 9

அண்ணி, அண்ணி, அண்ணி,

நான் ஒரு மடச்சி. இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், தாளில் இடம் இல்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். ரொம்ப நேரம் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கத்தினாள் பாருங்கள், பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். "கூப்பிடணுமா? அவளையா? பஸ் கிளம்பும்போது கண்டக்டர் டிரைவர வாங்க, ஏறுங்கன்னு கூப்பிடுவாளா? அவ இல்லாம வண்டி எப்படிடி நகரும்?"

எனக்கும் அதே எண்ணம்தான் அண்ணி. சத்தியமாகச் சொல்கிறேன், உங்களை அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் கேட்டுக் கேட்டுத் திட்டம் போடுகிறேன், அப்புறம் நீங்கள் இல்லாமல் எப்படிப் போவோம் என்று நினைத்தேன். இந்த வீட்டில் பெரியவளையோ வாத்தையோ யாராவது அழைத்துக் கூட்டிப்போகிறார்களா? அழைப்பதெல்லாம் வெளியாட்களைத்தான்.

அண்ணனைப் பற்றிக் கேட்டபோது பதில் எழுதாததற்குக் காரணம் வேறு. அந்தக் கடிதத்தில் அவனுக்குக் குழந்தை பிறந்த செய்தி இருந்தது. உங்களுக்கு அதை எப்படி எழுதுவது? வேறு விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேன். அது பொய். அவன் ஊருக்கு வரவும் இல்லை, வரப்போவதும் இல்லை. வந்தாலும் அந்த இடத்தில் அம்மா அவனை உட்கார விடமாட்டாள்.

இப்போது உங்களை முறையாக அழைத்து எழுதுகிறேன் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "என் வீட்டுலேருந்து அவளுக்கு அழைப்புன்னு ஒண்ணு போச்சுன்னா, அன்னிக்கே அவ விருந்தாளி. அந்த வார்த்தைய எழுதமாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணிவிட்டேன். என்ன செய்வது, தலை அவளுடையது, கை என்னுடையது. நீங்கள் கேட்பதை எழுத முடியாது, எழுதாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் யார் பக்கம் நிற்பது என்றே புரியவில்லை.

என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பாப்பா


செப்டம்பர் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. குழந்தை பிறந்த செய்தி மனதில் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்றிருந்தேன். அழுதேன். பிறகு சரியாகிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கட்டும்.

அத்தை சத்தியத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் அவரிடம் ஒன்று சொல். கண்டக்டர் அழைக்காவிட்டாலும், டிரைவர் இருக்கிறாளா என்று ஒருதடவை திரும்பிப் பார்ப்பார். மூன்று மாடியில் பெரியவளை ஏற விட்டிருக்கலாம். நானும் இறங்கியிருக்கலாம். படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுதான்.

அக்டோபர் முதல் ஞாயிறு எனக்கு விடுமுறை. அன்று நாம் பூங்காவுக்குப் போகிறோம். ஆறு தெளிவாக இருக்கிறது என்று கேட்டுவிட்டேன், குடும்பச் சீட்டும் எடுத்துவிட்டேன். காலையில் பங்கில் நான் நிற்பேன்.

இன்னொன்று. இதை இத்தனை வருஷத்தில் உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். நாம் போன எந்தக் குளத்திலாவது, கடலிலாவது நான் இறங்கிப் பார்த்திருக்கிறாயா? பைகளுக்குக் காவல் இருக்கிறேன் என்பேன், நீங்களும் சரி என்று ஓடிவிடுவீர்கள். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எல்லோரையும் பத்திரமாக இறக்கி ஏற்றுகிறவளுக்குப் பயம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றாதுதான்.

இந்தத் தடவை எனக்கும் குகைக்குள் போக வேண்டும். என்னை யார் பிடித்துக்கொள்வது, எங்கே உட்கார வைப்பது, பயந்து கத்தினால் என்ன செய்வது, எதுவும் எனக்குத் தெரியாது. நான் திட்டம் போடப்போவதில்லை. நீங்கள் போடுங்கள்.

அண்ணி


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே ஒரே ரகளை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து யார் உங்களைப் பிடித்துக்கொள்வது என்று அடிதடி. பெரியவள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லித்தரும் டீச்சரிடம் பாடம் கேட்டுவந்திருக்கிறாள். இவர் கயிறு கட்டலாம் என்கிறார், மாவு மூட்டையா என்று கேட்டேன். வாத்து முதலில் உங்களை வாளித் தண்ணீரில் பழக்க வேண்டும் என்கிறாள். நான் எந்தப் பையில் எதை வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, பையையே காணோம். திட்டம் என்றால் இவ்வளவு கஷ்டமா அண்ணி? எப்படித்தான் செய்தீர்களோ!

நீங்கள் திரும்பிப் பார்க்கச் சொன்ன வரிகளை அம்மாவே வாங்கிப் படித்தாள். மறுநாள் காலை, பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாடி. முழங்கால் வீங்கிவிட்டது. எதற்கும்மா என்றால், "அவ கீழ நிக்கட்டும் நிக்காம போகட்டும், நான் மேல போய் கூட்டிட்டு வருவேன்" என்கிறாள். காவலாளியிடம் சொல்லிவையுங்கள், விசில் வைத்திருக்கும் ஒரு பாட்டி வருவாள், கேள்வி கேட்க வேண்டாம் என்று. நீங்கள் முதலிலேயே கீழே இறங்கிவிடாதீர்கள், பாவம், ஏறி வரட்டும்.

அம்மா குளிக்கப் போயிருக்கிறாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அவள் வெளியே வருவதற்குள் எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். சத்தியத்தை மீறுவது பாவம் என்றால் அது என்னோடு போகட்டும்.

அண்ணி, வாங்க.

பாப்பா